பன்னிரண்டில் ஒன்று கடிபட்டிருந்தது

ஈரக்கொம்பை வேதக்கோயிலில் பியூலாவின் மறுமண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமையன்று, ஆராதனை முடிந்து வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தவர்களுக்காக அவள் சுட்டெடுத்த பன்னிரண்டு கிண்ண ரொட்டிகளில் ஒன்று, ஓவன் கதவைத் திறந்தபோதே கடிபட்டிருந்தது. மற்ற பதினொன்றும் தலை உப்பிப் பொன்னிறமாக உட்கார்ந்திருக்க, அந்த ஒன்று மட்டும் ஓரத்தில் அரைநிலா வடிவத்தில் ஒரு வாய் குறைந்து, குறைந்த இடத்தில் வெள்ளையாக, கொஞ்சம் ஈரத்தோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கடித்த துண்டு ஓவனுக்குள் எங்கும் இல்லை. ஒரு துணுக்குகூட உதிர்ந்திருக்கவில்லை.

ஈரக்கொம்பை என்பது தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில், வருஷத்தில் எட்டு மாதம் மூடுபனியான மஞ்சு வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர். அங்கே ஜன்னலைத் திறந்தால் மஞ்சு வீட்டுக்குள் வந்து, கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போகும், யாரும் அதை ஒன்றும் சொல்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதங்கள் தட்டச்சு செய்யும் பியூலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஓவன் வாங்கியபோது கூடவே வந்த சமையல் புத்தகத்தில் மஃபின் என்று போட்டிருந்ததை, அவளுக்கு இனிப்பு பிடிக்காது என்பதால், சர்க்கரையை எடுத்துவிட்டு, மைதாவும் தயிரும் முட்டையும் துருவிய சீஸும் சேர்த்து, தொழிற்சாலை மேனேஜர் பங்களா வேலியோரம் புதராக மண்டிக்கிடந்த ரோஸ்மேரியைக் கிள்ளிவந்து, பெயின்ட் டப்பாவில் வளர்த்த தைம் இலையை உருவிப்போட்டு, வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, மிளகைத் தட்டிச் சேர்த்துத் தன் கைப்பக்குவத்தில் உப்புக் காரமாக மாற்றிவைத்திருந்தாள். பன்னும் இல்லை கேக்கும் இல்லை என்பதால் ஊர் அதற்குக் கிண்ண ரொட்டி என்று பெயர் வைத்துவிட்டது.

அவளுடைய முதல் புருஷன் தியோடர் லாரி ஓட்டுகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு மைசூர் பக்கம் போனவன் திரும்பவில்லை. நாலு நாள் கழித்து லாரி மட்டும் சாலையோரம் நின்றிருந்தது. தார்ப்பாய் கட்டினபடி இருந்தது, சரக்கு குறையவில்லை, சாவி தொங்கிக்கொண்டிருந்தது, சண்டை நடந்த அடையாளமோ ரத்தமோ ஒரு சொட்டு இல்லை. ஏழு வருஷம் தேடி, காத்திருந்து, பிறகு வழக்குப் போட்டு, போன நவம்பரில்தான் நீதிமன்றம் அவனை இறந்தவனாகக் கருதலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அவன் இருந்த காலத்தில் அந்த வீட்டில் ஓவனே கிடையாது. கிண்ண ரொட்டியின் வாசனைகூட அவனுக்குத் தெரியாது.

கடிபட்ட ரொட்டியைப் பியூலா வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். அரைநிலாவின் நடுவில், மேல்பல் பதிந்த வரிசையில், ஒரு சின்ன மேடு வெட்டுப்படாமல் நின்றது. முன்பல் ஒன்று நுனி உடைந்திருந்தால்தான் கடியில் அப்படி ஒரு மேடு நிற்கும். அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசிங்கிடம் போய் அதை நீட்டினாள்.

ஜெயசிங்தான் அவள் கட்டிக்கொள்ளவிருந்தவர். மனைவியை இழந்தவர், ஐம்பத்தொரு வயது, இருபத்திரண்டு வருஷமாக ஈரக்கொம்பைக்கு அவர் ஒருவர்தான் பல் டாக்டர். அந்த ஊரில் அவர் விரல் படாத வாய் குறைவு. தியோடர் சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது, அதற்கு உறை போட அச்சு எடுத்ததும் அவர்தான். உறை வாங்க அவன் வரவேயில்லை. ஜெயசிங் ரொட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் காபி டம்ளரை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த பல் இல்லை என்று அவர் சொன்னார். பல்லைப் பற்றி அவர் சொன்னால் அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை என்பதால், எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்து ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் நெருங்கிவிட்டதால், மீதி இரண்டு ஓலையையும் ஈஸ்டர் கழிந்து வாசிக்கலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். மூன்று ஓலை வாசித்து, ஒவ்வொரு முறையும் இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்டு, யாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் தாலி. ஆகவே ஊருக்கு மூன்று மாதம் அவகாசம் கிடைத்தது. அந்த மூன்று மாதத்தில் பியூலா எத்தனை தடவை சுட்டாலும் பன்னிரண்டில் ஒன்று கடிபட்டே வந்தது. அதே அரைநிலா, அதே மேடு. ஓவன் கதவின் கண்ணாடிக்கு முன்னால் மூன்று பேர் முறைபோட்டுக் கண் இமைக்காமல் உட்கார்ந்து பார்த்தார்கள். மாவு உப்புவதையும் மேல்தோல் வெடிப்பதையும் பார்த்தார்கள், கடியை மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் தும்மினார், அந்தத் தும்மலுக்குள் அது நடந்து முடிந்திருந்தது.

கடிக்கிறவர் யார் என்பதைத் தீர்மானிப்பது மாவைக் கலக்குகிற கை என்று ஊர் கண்டுகொண்டது சிவபாக்கியத்தால். அவள் பக்கத்து லயத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெய்த பெருமழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது, அவளுடைய ஏழு வயது மகள் நிரோஷா கொல்லைப்பக்கம் நின்றிருந்தாள். மண்ணை ஒன்பது நாள் அள்ளியும் பிள்ளை கிடைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை பியூலாவுக்குக் கை சுளுக்கிக்கொண்டதால் சிவபாக்கியம் மாவைக் கலக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு வந்த கடி சின்னது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல்லுக்கான இடம் வெறுமையாக இருந்தது. சிவபாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, பால்பல் ரெண்டும் விழுந்திருந்துச்சு, கூரையில வீசினோம் என்று மட்டும் சொல்லி, ரொட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலை அவள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. பாட்டுச் சத்தம் வந்தது.

அதன் பிறகு ஊர் மைதா பொட்டலத்தோடு வரத் தொடங்கியது. ரிட்டயரான பஸ் கண்டக்டர் வந்து, பம்பாய்க்குப் போய்க் காணாமல்போன தம்பியை நினைத்துக் கலக்கினார், வெற்றிலைக் காவி படிந்த பெரிய கடி ஒன்று வந்தது. பியூலாவின் வாசலில் வரிசை நின்றது. தொழிற்சாலையில் ஷிப்டு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். மேனேஜர் பங்களா வேலியில் ரோஸ்மேரி குச்சி குச்சியாக மொட்டையாகி நின்றது. ஆராதனை நேரத்தில் மட்டும் ஓவனை அணைத்துவைக்கும்படி போதகர் கேட்டுக்கொண்டார், கடிபட்டதைக் குப்பையில் போடக்கூடாது, கலக்கியவர்களே மிச்சத்தைச் சாப்பிட வேண்டும் என்று சபைக் கமிட்டி முடிவுசெய்தது. மாரியம்மன் கோயில் பூசாரி அதைக் காக்கைக்கு வைக்கலாமே என்று வைத்துப் பார்த்தார். காக்கைகள் முழு ரொட்டியைக் கொத்திக்கொண்டு போயின, கடிபட்டதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, தொடாமல் பறந்தன. யாரையும் இழக்காத சில குடும்பங்களும் ஊரில் இருந்தன. அவர்கள் கலக்கினால் பன்னிரண்டும் முழுசாக வரும். அவர்கள் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, என்னவோ தப்புச் செய்துவிட்டவர்களைப்போல வேகமாக நடந்து போவார்கள்.

மார்ச் கடைசியில்தான் அது நடந்தது. மெடிக்கல் ஷாப்காரர் மனைவி, நாலு வருஷமாக வீட்டோடு பேசாமல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளை நினைத்துக் கலக்கினாள். தெற்றுப்பல் பதிந்த கடி வந்தது. அடுத்த நாள் அந்த மகளே போன் செய்தாள். நேற்று மூன்று மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வாய் நிறைய ஏதோ இலை வாசனையும் மிளகுமாக ருசித்ததாம், வயிறு நிறைந்துபோய் டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லையாம், எதற்கென்று தெரியாமல் அம்மா ஞாபகம் வந்ததாம். அம்மா வாய்விட்டு அழுதாள். ஆனால் செய்தி தெருவில் இறங்கிப் பியூலாவின் வீட்டு வாசல்வரை வந்தபோது அது வேறு செய்தியாகிவிட்டது. கடிப்பவர்கள் செத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தங்கள் வீட்டுச் சோற்றுக்கு ஏங்குகிறவர்களாக இருந்தால் போதும். அப்படியானால் தியோடரும் எங்காவது உயிரோடு இருக்கலாம். அன்றிலிருந்து பியூலா கடைத்தெருவுக்கு வந்தால் பேச்சு நின்றது. தராசில் தக்காளி வைப்பவர்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்தார்.

அவள் சுடுவதை நிறுத்தினாள். ஓவனின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் போர்வையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் குளியலறையில் சோப்பு கடிபட்டிருந்தது. அடுத்து அலமாரியில் இருந்த மெழுகுவர்த்தி. அச்சடித்து வந்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தபோது, மேலிருந்து அடிவரை இருநூறு பத்திரிகையிலும் ஒரே ஓரம், ஒரே அரைநிலா, நடுவில் அதே மேடு. கூறைப்புடவையின் ஜரிகைக் கரையில் எச்சில் காய்ந்த வட்டம் ஒன்று இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினாள். புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்தவள், எழுந்து பார்த்தபோது இடது முழங்கைக்குக் கீழே, சதையில், பல்வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. வலிக்கவில்லை. தோல் கிழியவும் இல்லை. மெதுவாக, ருசி பார்ப்பதற்காகக் கடித்ததைப்போல இருந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த கிளினிக்குக்குப் போனாள். நோயாளி யாரும் இல்லை. கையை மேசை விளக்கின் அடியில் வைத்தாள். ஜெயசிங் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், மறுபடியும் போட்டார். பிறகு எழுந்து அலமாரியில் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துவந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தியோடரோட பல்லுதான்" என்றார். "முதல் நாளே தெரியும். பொய் சொல்லிட்டேன்."

பியூலா அந்த அச்சைத் தொடவில்லை.

"எனக்கும் முதல் நாளே தெரியும் டாக்டர்" என்றாள். "பன்னெண்டு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட வாய் தெரியாமப் போகுமா? நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்ட கொண்டுவந்து நீட்டினேன்."

ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து, பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தது. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டார். காணாமல்போனவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, எங்கே என்று தெரியாது, ஏன் போனார் என்றும் தெரியாது, ஒன்று மட்டும்தான் தெரியும், அவருக்குப் பசிக்கிறது என்றாள். பசிக்கிற ஆளை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே கல்யாணச் சாப்பாடு போட என்னால் ஆகாது என்றாள்.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பியூலா போர்வையை எடுத்தாள். வாசற்கதவைத் திறந்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் முதல் ஈடு வெந்த வாசனை தெருவில் இறங்கியதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஈட்டில் பன்னிரண்டும் கடிபட்டிருந்தன. இரண்டாவது ஈட்டில் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கடி. மூன்றாவது ஈடு வந்தபோது கிண்ணங்களில் துணுக்குகள் மட்டுமே இருந்தன. அவள் மறுபடி மாவைக் கொட்டினாள். மாவு தீர்ந்தபோது மெடிக்கல் ஷாப்காரர் மனைவி கொண்டுவந்தாள், முட்டை தீர்ந்தபோது கண்டக்டர் இரண்டு அட்டையைச் சுமந்து வந்தார், வேலியில் புதிதாகத் துளிர்த்திருந்த ரோஸ்மேரியைப் பிள்ளைகள் கிள்ளிக் கொடுத்தார்கள். ஜெயசிங் வந்து, யாரும் சொல்லாமல், சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயத்தாள் அரிந்தார். மாவைக் கலக்குவதை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை. கை வீங்கியது, தோள் இறங்கியது, ஓவனின் சூட்டில் முகம் வெந்தது, அவள் கலக்கினாள், ஊற்றினாள், வைத்தாள், எடுத்தாள், வெறும் கிண்ணத்தைக் கழுவினாள், மறுபடியும் கலக்கினாள், பகல் முழுவதும் ஈரக்கொம்பையில் வேறு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, கொழுந்துக்கூடைகள் சரிவில் கிடந்தன, மஞ்சுகூட அன்றைக்கு உள்ளே வராமல் வாசலில் நின்றது.

மூன்று மணிக்குப் பிறகு துணுக்குகளோடு துண்டுகள் மிஞ்சத் தொடங்கின. நான்கு மணிக்குப் பாதிப் பாதியாக நின்றன. ஐந்து மணிக்கு வந்த ஈட்டில் பல் பதிந்திருந்தது, பிய்க்கவில்லை. பதினேழாவது ஈடு பன்னிரண்டும் முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அதை அவள் தட்டில் வைத்தபோது, காலியாகத் திறந்துகிடந்த ஓவனுக்குள்ளிருந்து நீளமாக, நிதானமாக ஒரு ஏப்பம் வந்தது. சமையலறையில் நின்ற பதினோரு பேரும் அதைக் கேட்டார்கள். நனைந்த தார்ப்பாய் வாசனை ஒரு வீச்சு வீசி, திறந்திருந்த வாசல் வழியாக வெளியே போனது. வாசலில் நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏன் ஒதுங்கினோம் என்று பின்னால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் புருஷன் பெயரைச் சொல்லாத பியூலா, வாசலைப் பார்த்து, "போயிட்டு வாங்க தியோடர்" என்றாள். பிறகு, "வரவேணாம். போங்க" என்று திருத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு, காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள், தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, நின்றபடியே முழுவதையும் தின்றாள்.

மேட்டோடு இருந்த அந்தக் கடி அதன்பிறகு வரவில்லை. தியோடரைப் பற்றி எந்தத் தகவலும் எங்கிருந்தும் வரவில்லை. மீதி இரண்டு ஓலையும் வாசித்தபோது, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போதகர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தார். சபை முழுவதும் பின்கதவைத் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. மே மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஜெயசிங் பல் விஷயத்தில் யாரிடமும் பொய் சொன்னதில்லை, வலிக்காது என்றுகூடச் சொல்வதில்லை.

புதன்கிழமை நடந்ததைப் பார்த்த ஊர், தங்கள் ஆட்களுக்கும் அப்படியே செய்ய ஆசைப்பட்டது. முறைபோட்டுக் கொண்டார்கள். கண்டக்டர் ஒரு பகல் முழுவதும் கலக்கித் தம்பியை நிறைத்து அனுப்பினார். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சுருட்டுப் பிடிப்பதை விட்டார். ஒவ்வொரு வீடாக ஏப்பம் கேட்டது. ஒவ்வொரு வீடாகக் கடி நின்றது. கடைசியாகச் சிவபாக்கியத்தின் முறை வந்தது. அவளுக்காக ஊர் எட்டுக் கிலோ மைதா சேர்த்து வைத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையில் ஒரு டம்ளரில் கொஞ்சம் மாவோடு வந்தாள்.

"இது ஒரு கிண்ணத்துக்குத்தான் வரும் சிவபாக்கியம்" என்றாள் பியூலா.

"ஒண்ணு போதும்க்கா. வயிறு நெறஞ்சுட்டா புள்ள வராது."

"பசியோட இருக்காளேடி."

"தெரியும்க்கா" என்றாள் சிவபாக்கியம். "நான்தானே பெத்தேன்."

அன்று சாயங்காலமே ஓவனைத் துணியில் கட்டி, ஜெயசிங்கும் பியூலாவுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லயத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

சிவபாக்கியம் ஒவ்வொரு வியாழக்கிழமையும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஒரே ஒரு கிண்ண ரொட்டி சுட்டாள். ஒரே ஒரு கடி வந்தது. மிச்சத்தை அவள் எதிர்ப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்து, கடிக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நிறுத்திவிடுவாள். ஊருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த லயத்து வழியாகப் போகிறவர்கள், சுற்றிக்கொண்டு மேல்பாதையில் போனார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை, போய் உட்கார்ந்து பேசவும் இல்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு வியாழக்கிழமை மாலை அவள் ரொட்டியை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, தோளோடு மஞ்சு ஒட்டியிருக்க, கிளினிக் மாடிப்படி ஏறிவந்து ஜெயசிங்கின் முன்னால் வைத்தாள். பார்த்துச் சொல்லுங்க டாக்டர் என்றாள். அவர் விளக்கை இழுத்துப் பார்த்தார். மேல்வரிசையில் வெறுமையாக இருந்த இடத்தில் இரண்டு பல் பதிந்திருந்தது. அகலமான, ஓரம் மழுங்காத, புதிய பற்கள். அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"புதுப்பல் முளைச்சிருக்கும்மா" என்றார். "வளர்றா."

சிவபாக்கியம் தட்டை எடுத்துக்கொண்டு, படியில் கால் வைத்து, நின்றாள். வளர்ற பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் டம்ளரில் மாவை அள்ளி, கையால் தட்டி மட்டமாக்கி, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மேலே அரைப் பிடி சேர்த்தாள்.